சாப்பிடுவதற்குச் சம்பளமா?

சென்ற ஆண்டு விடுமுறைக்குச் சிங்கப்பூர் வந்திருந்தபோது, நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் வேலை வழிகாட்டி நாளில் பேச அழைத்திருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் தாதி ஒருவர், மறுபக்கம் மென்பொருள் பொறியாளர் ஒருவர். நடுவில் நான். என் முன்னால் இருந்த அட்டையில் ‘உணவு, பயணச் செய்தியாளர்’ என்று எழுதியிருந்தது. கேள்வி நேரம் வந்ததும் உயர்நிலை மூன்று மாணவி ஒருவர் கையை உயர்த்தினார்.

“அக்கா, உண்மையாகவே உங்களுக்குச் சாப்பிடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். 2015ஆம் ஆண்டில் நான் வேலையை விட்டுவிட்டு வியட்னாமுக்குப் போகிறேன் என்றபோது அப்பாவும் ஏறத்தாழ இதையேதான் கேட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். “நான் ஊரெல்லாம் சுற்றினால் சம்பளம் தருகிறார்கள், சரி. நீ சாப்பிட்டால் யார் தருவார்கள்?” என்றார். அன்று அப்பாவுக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவிக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செய்தி அறையில் தொடங்கியது

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தொடர்புத்துறை. படிப்பு முடிந்ததும் ஐந்து ஆண்டுகள் செய்தியாளர் வேலை. அதில் பெரும்பகுதி நீதிமன்றச் செய்திகள். உணவுக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் வேறொருவர் குற்றவாளி ஆகிவிடுவார் என்ற அச்சத்தை அந்த வேலை எனக்குள் விதைத்தது. காதில் விழுந்ததை உடனே நம்பாமல் இன்னொருவரிடமும் கேட்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். இன்று ஒரு கிண்ண மீயைப் பற்றி எழுதும்போதும் அந்தப் பழக்கமே கை கொடுக்கிறது.

உணவு மீதான ஆர்வம் வீட்டிலிருந்து வந்தது. அம்மா ஒரு தொடக்கப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருந்தார். தோசை, மீ கோரிங், வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி. அதிகாலை நான்கு மணிக்கு எழுவார். பள்ளி விடுமுறையில் நானும் உடன் போய் வெங்காயம் உரிப்பேன். இடைவேளை மணி அடித்ததும் அரை மணி நேரத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் கொடுத்து முடிக்க வேண்டும். எவ்வளவு சமைப்பது, எவ்வளவு மிஞ்சக்கூடாது என்ற கணக்கு அம்மாவின் தலையில் இருக்கும். அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் செய்த மிகப் பெரிய தவறு அதை மறந்ததில்தான் தொடங்கியது.

ஹோ சி மின் நகரை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் செலவு. இரண்டாவது காரணம், அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தியர். அவர்கள் கண்ணில் படாத சில செய்திகள் என் கண்ணில் படும் என்று நினைத்தேன். அது ஓரளவு உண்மையானது.

அங்கே முக்கிய உணவுகளில் ஒன்று ‘ஹூ தியு’. அரிசி மீயை எலும்புச் சாற்றில் போட்டுத் தருவது. சொல்லிப் பாருங்கள்: ஹூ தியு, குவே தியாவ். இரண்டும் ஒரே சொல்தான். தியோச்சியூ மக்கள் கொண்டுவந்தது சிங்கப்பூரில் ஒரு மாதிரியும் சைகோனில் வேறு மாதிரியும் ஆகிவிட்டது. உணவங்காடி நிலையத்தில் வளர்ந்த நமக்கு இது காதில் விழுந்தவுடனே பிடிபடும்.

இன்னொன்று ‘கா ரி கா’. கோழிக் கறி. தேங்காய்ப்பால், செராய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுச் சமைத்து, பிரெஞ்சு ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ‘கறி’ என்ற நம் சொல் அங்கே எப்படிப் போனது என்று தேடியதுதான் வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்ட என் முதல் கட்டுரை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாண்டிச்சேரியும் சைகோனும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் அங்கே அரசாங்க வேலைக்குப் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1975க்குள் வெளியேறிவிட்டார்கள். ஆனால் நகரின் நடுவே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அங்கே கும்பிட வருவோரில் பெரும்பாலோர் வியட்னாமியர். கோயில் சுவரில் நெற்றியை வைத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து வேண்டிக்கொள்வார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது, கேமராவை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன்.

மொழி இல்லாமல் சுவை இல்லை

முதல் ஆறு மாதம் நான் எழுதியதைவிட வியட்னாமிய மொழி வகுப்புக்குப் போனதுதான் அதிகம். அந்த மொழியில் தொனி மாறினால் பொருள் மாறும். ‘மா’ என்ற ஓர் ஓசையை ஆறு விதமாகச் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு சொற்கள் கிடைக்கும். சந்தையில் ஒரு பாட்டியை ‘அம்மா’ என்று அழைப்பதாக நினைத்து நான் என்னவென்று அழைத்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்துவிட்டு ஒரு பப்பாளியைச் சும்மா கொடுத்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் தமிழ் பேசும் நமக்கு அந்த மொழி எளிது. அங்கே யாரையும் வெறும் ‘நீங்கள்’ என்று அழைக்க முடியாது. வயதைப் பார்த்து அக்கா, தம்பி, சித்தப்பா, அத்தை என்று முறை வைத்துத்தான் பேச வேண்டும். வெள்ளைக்கார நண்பர்கள் இதற்குத் திணறினார்கள். எனக்கு அது வீட்டுப் பழக்கம். முறை சொல்லி அழைத்துவிட்டால் பாதிப் பேட்டி முடிந்த மாதிரி.

பணத்தைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல்

நான் எந்த நாளிதழுக்கும் முழுநேர ஊழியர் இல்லை. தன்னுரிமைச் செய்தியாளர். ஒரு கட்டுரை எழுதுவதற்கு முன்பே ஆசிரியருக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும். எதைப் பற்றி, ஏன் இப்போது, ஏன் நான்தான் எழுத வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இருநூறு சொற்களில் பதில் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் நான் அனுப்பியவை 41. ஏற்கப்பட்டவை 6. பெரும்பாலான ஆசிரியர்கள் ‘வேண்டாம்’ என்றுகூடப் பதில் எழுதவில்லை.

முதல் கட்டுரைக்குக் கிடைத்தது 150 அமெரிக்க டாலர். அது கைக்கு வர மூன்று மாதமானது. அதற்குள் வாடகையை மூன்று முறை கட்ட வேண்டியிருந்தது. அதனால் வாரத்தில் மூன்று நாள் ஒரு பதிப்பு நிறுவனத்தில் ஆங்கில நூல்களைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். என் வேலை அனுமதியும் அவர்கள் வழியாகக் கிடைத்ததுதான். சுற்றுலா விசாவில் போய் இறங்கி வேலை செய்யலாம் என்று சமூக ஊடகங்களில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் உண்டு. மாட்டிக்கொண்டால் வெளியேற வேண்டியது நீங்கள்தான்.

முதலாளி இல்லை என்றால் மசேநிதிச் சந்தா இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை, போனஸ் இல்லை. என் வயது நண்பர்கள் வீவக வீட்டுக்குச் சாவி வாங்கியபோது நான் மழைநீர் ஒழுகும் அறைக்கு வாளி வாங்கிக்கொண்டிருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வேலையின் விலை இது. தெரிந்துகொண்டு வாருங்கள்.

2020 மார்ச்சில் வியட்னாம் வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. ஒரே வாரத்தில் என் கையிலிருந்த எல்லாக் கட்டுரைகளும் ரத்தாயின. பயணமே இல்லாதபோது பயணக் கட்டுரைக்கு யார் பணம் தருவார்கள்? 2021 ஆகஸ்ட்டில் ஹோ சி மின் நகரில் முடக்கம் உச்சத்துக்குப் போனபோது வீட்டை விட்டு வெளியே வரவே முடியவில்லை. உணவுப் பொருள்களை ராணுவத்தினர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உணவைப் பற்றி எழுதுகிறவள், அடுத்த வேளைக்கு என்ன வரும் என்று சன்னலருகே உட்கார்ந்து காத்திருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளும் என்னைக் காப்பாற்றியது நூல் திருத்தும் வேலைதான். 2022 மார்ச்சில் சுற்றுப்பயணிகளுக்கு எல்லை மீண்டும் திறந்தது. பழைய ஆசிரியர்களில் பாதிப் பேர் அப்போது வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர் உணவுச் செய்தியாளர் ஆகலாமா?

இதை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வியட்னாமில் உலகப் புகழ்பெற்ற ‘ஃபோ’வோ பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. என் நிலையை முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுவேன். கோழி ஃபோவைப் பற்றிச் சாப்பிட்டு எழுதுவேன். மாட்டிறைச்சி ஃபோவின் வரலாற்றை எழுதலாம். 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்கள் அதைக் கொண்டுவந்ததையும், தெற்கில் முளைப்பயறும் கீரைகளும் அதில் சேர்ந்ததையும் எழுதலாம். ஆனால் எந்தக் கடையின் ஃபோ சுவையானது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சாப்பிடாததைச் சாப்பிட்டதுபோல எழுதுவது இந்தத் தொழிலில் பொய்ச்சாட்சி.

சைவ உணவு உண்பவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. அவர்களைப் போலவே பயணம் செய்யும் வாசகர்கள் ஏராளம். அவர்களுக்குச் சரியான தகவல் கிடைப்பதுதான் அரிது. இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். 2016இல் சாதாரணச் சோற்றுக்கடை ஒன்றின் தக்காளி, தவ்வுக் குழம்பைச் சைவம் என்று எழுதிவிட்டேன். கண்ணுக்கு இறைச்சி தெரியவில்லை, கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி, வாழ்நாள் முழுக்கச் சைவமாகவே இருந்த தம் தாயாரை அங்கே அழைத்துப் போனார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அதில் மீன்சாறு ஊற்றியிருப்பது தெரியவந்தது. அவர் எனக்கு எழுதிய மின்னஞ்சலில் கோபம் இல்லை. “அம்மா இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதை இன்னும் வைத்திருக்கிறேன். அன்று மாலையே திருத்தம் வெளியிடச் சொன்னேன். வியட்னாமில் ‘சாய்’ என்று எழுதியிருந்தால்தான் சைவம். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சாய் உணவு உண்பார்கள். அன்று சாதாரணக் கடைகளில்கூட அது கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் தவறு.

இலவசச் சாப்பாடு

உணவகங்கள் அழைக்கும். தங்கும் விடுதிகள் அறை தருவதாகச் சொல்லும். ஏற்பதா, வேண்டாமா? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. பெரிய நாளிதழ்களின் உணவு விமர்சகர்கள் தங்கள் நிறுவனத்தின் பணத்தில் சாப்பிடுவார்கள். வேறு பெயரில் மேசை பதிவு செய்வார்கள். ஒரு கடைக்குப் பலமுறை போன பிறகுதான் எழுதுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேறிகள் நடத்தும் சின்னச் சின்னக் கடைகளைப் பற்றி எழுதியவர் ஜோனத்தன் கோல்ட். 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை அவர் பெற்றார். உணவு விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. எனவே எனக்கென்று ஒரு விதி: கடையின் தரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதாக இருந்தால் என் பணம். யாராவது செலவை ஏற்றிருந்தால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். சொல்லக்கூடாது என்றால் போக மாட்டேன். இதனால் நல்ல விடுதி அறைகள் சிலவற்றை இழந்திருக்கிறேன். இழந்தது தூக்கம் மட்டும்தான்.

அறுபது கிண்ணம்

இனி அந்தத் தவறு.

2018இல் நான் குடியிருந்த சந்துக்குப் பின்னால் இன்னொரு சந்து. அங்கே மாலை ஆறு மணிக்கு ஓர் அம்மா தள்ளுவண்டியில் ஹூ தியு விற்பார். நான் அவரை ‘கோ’ என்று அழைப்பேன். அத்தை என்று பொருள். அவர் மருமகன் முறையுள்ள ஒரு பையன், இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டே சந்து சந்தாகப் போவான். டொக், டொக் என்று சத்தம் கேட்டதும் வீடுகளிலிருந்து குரல் வரும்: இரண்டு கிண்ணம், மூன்று கிண்ணம். அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு வந்து கிண்ணத்தை எடுத்துப் போவான். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் மூங்கிலைத் தட்டி ‘டொக் டொக் மீ’ விற்றார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டியின் கதை என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

ஒரு கிண்ணம் 20,000 டோங். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு வெள்ளி இருபது காசு. வாடிக்கையாளர்கள் மோட்டார்சைக்கிள் வாடகை ஓட்டுநர்கள், இரவு வேலைக்குப் போகும் தையல் தொழிற்சாலைப் பெண்கள், வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகள்.

நான் எழுதினேன். ஒரு வெளிநாட்டு இதழ் வெளியிட்டது. இதுவரை நான் எழுதியவற்றிலேயே நல்ல கட்டுரை அது என்று அப்போது நினைத்தேன். சந்து எண்ணைக் கொடுத்தேன். வரைபடத்தில் புள்ளியும் வைத்தேன். வாசகர்களுக்கு உதவி என்று எண்ணம்.

இரண்டு வாரத்தில் சுற்றுப்பயணிகள் வரத் தொடங்கினார்கள். பிறகு காணொளி எடுப்பவர்கள். ஒரு மாதத்தில் ஆறு மணிக்கே வரிசை. அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லாத சந்தில் மோட்டார்சைக்கிள்கள் நுழைய முடியவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கோ இரண்டாவது பானை வாங்கினார், கடனில். எலும்பும் காய்ந்த கணவாயும் முன்னைவிட இரண்டு மடங்கு வேண்டியிருந்தது. பையன் கட்டை தட்டப் போவதை நிறுத்திவிட்டான். கிண்ணம் கழுவவே நேரம் போதவில்லை. வீட்டில் காத்திருந்தவர்களுக்குச் சத்தம் வரவில்லை. தையல் தொழிற்சாலைப் பெண்களால் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது. அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

நான்கு மாதத்தில் கூட்டம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. கூட்டம் அப்படித்தான். பழைய வாடிக்கையாளர்களும் திரும்பவில்லை. சந்துக்காரர்களின் புகார் முற்றியது. ஒருநாள் மாலை நான் போனபோது அந்த இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்றைக் கேட்டார். “அந்தம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு போட்டாங்கன்னு கேட்டியா?”

கேட்டிருந்தேன். அறுபது கிண்ணம். கட்டுரையிலும் எழுதியிருந்தேன். ‘ஓர் இரவில் அறுபது கிண்ணம் மட்டுமே’ என்று, ஏதோ அபூர்வப் பொருளைப் போல. அந்த அறுபது யாருக்காக என்று யோசிக்கவில்லை.

“நம்ம கடையைப் பத்தி யாராவது அப்படி எழுதியிருந்தா, பிள்ளைங்களுக்கு யாரு சோறு போட்டிருப்பா?” என்றார் அம்மா. திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இதழின் ஆசிரியருக்கு எழுதி, இணையப் பதிப்பிலிருந்து சந்து எண்ணையும் வரைபடத்தையும் நீக்கச் செய்தேன். காலம் கடந்த காரியம். ஆனாலும் செய்ய வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு மாலையும் பக்கத்து வட்டாரங்களில் நடந்தேன். மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, டொக், டொக். பையன்தான். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினான். கோவிடம் அழைத்துப் போனான்.

மன்னிப்புக் கேட்டேன். முறை வைத்து, சரியான தொனியில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். கோ கிண்ணத்தில் மீ போட்டுக்கொண்டே சொன்னார்: “எழுதுவதற்கு முன் என்னைக் கேட்டிருக்கலாம். அறுபது போதும் என்று சொல்லியிருப்பேன்.” பிறகு கிண்ணத்தை என் முன்னே வைத்தார். பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டாவது பானையின் கடனில் மீதியை நான் கட்டுகிறேன் என்றேன். அதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

அதன் பிறகு என் வேலையில் ஒரு கேள்வி கூடியது. உணவு எப்படி, வரலாறு என்ன, விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், “உங்களைப் பற்றி எழுதட்டுமா? எழுதினால் ஆள்கள் வருவார்கள். வரலாமா?” என்று கேட்கிறேன். பெரும்பாலோர் சரி என்பார்கள், வியாபாரம் வேண்டும். சிலர், பெயரைப் போடு, இடத்தைப் போடாதே என்பார்கள். ஒரு சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. நல்ல கட்டுரைகள் சில இப்படிக் கைவிட்டுப் போயிருக்கின்றன.

உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால்

2016இல் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவும் ஆண்டனி போர்டேனும் ஹனோயில் சின்னக் கடையில் உட்கார்ந்து ‘புன் சா’ சாப்பிட்ட படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த மேசையை இப்போது கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் ஏராளம். போர்டேன் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்தாளராகப் புகழ்பெற்றார் என்பதும், அதற்கு முன் நீண்ட காலம் சமையலறைகளில் வேலை பார்த்தார் என்பதும் அந்தப் படத்தில் தெரியாது. முதலில் ஏதாவது ஒரு துறையைச் செவ்வையாகக் கற்றுக்கொள்ளுங்கள். செய்தித்துறை, சமையல், வரலாறு, மொழியியல், புகைப்படம், எதுவானாலும் சரி.

இரண்டாவதாக, ஒரு மொழியையாவது கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள். பினாங்கு, மேடான், யங்கோன், சைகோன் எனத் தமிழர் கால்பட்ட துறைமுகங்கள் பல. அங்குள்ள கதைகளைத் தமிழ் தெரிந்தவர்தான் முழுதாகக் கேட்க முடியும்.

மூன்றாவதாக, வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் வாரந்தோறும் சாப்பிடும் கடைக்காரரிடம் கூட்டம் இல்லாத மூன்று மணிக்குப் போய் உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், யாரிடம் கற்றார், தமக்குப் பிறகு யார் நடத்துவார் என்று கேளுங்கள். ஐந்நூறு சொல் எழுதுங்கள். வெளியிடும் முன் அதில் உள்ள தகவல்களை அவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ‘கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து உணவுகள்’ போன்ற பட்டியல்களை இன்று கணினியே எழுதிவிடுகிறது. மூன்று மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார உங்களால் மட்டும்தான் முடியும்.

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இல்லை தங்கச்சி, சாப்பிடுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சாப்பாட்டுக்குப் பணத்தை நான்தான் கொடுக்கிறேன். கேட்பதற்கும் சரிபார்ப்பதற்கும் எழுதுவதற்கும் கொஞ்சம் தருகிறார்கள். எதை எழுதாமல் விட வேண்டும் என்று தெரிந்துகொண்டதற்கு எவரும் எதுவும் தருவதில்லை. ஆனால் அது தெரியாமல் இந்த வேலையில் இருக்கக்கூடாது.

அப்பா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். சென்ற டிசம்பரில் அம்மாவுடன் என்னைப் பார்க்க வந்தார். மூவரும் கோவின் கடைக்குப் போனோம். அம்மாவும் கோவும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமலே, பானையைக் காட்டிக் காட்டி அரை மணி நேரம் பேசினார்கள். இன்னும் அறுபது கிண்ணம்தான். நாங்கள் போனது ஏழரைக்கு. கடைசி மூன்றும் எங்களுக்கே கிடைத்தன.

கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.